மஞ்சள் விளக்கை அணைத்த மகான்

எஞ்சின் மகான் கை வைத்தால் வண்டி குணமாகும். இதை மகான் சொல்லவில்லை. மகானின் சீடர் சொன்னார். சீடர் சொன்னதைக் கொட்டகை வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி சொன்னது. ஒலிபெருக்கியே சொன்ன பிறகு அதில் பொய் இருக்க முடியுமா? ஊரில் பாதி வண்டிகள் அந்தக் கொட்டகைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன.

கதவு திறக்கும் முன்பே கார், வேன், சின்ன லாரி எல்லாம் ஒன்றின் வாலில் இன்னொன்று மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். எல்லா வண்டிக்கும் ஒரே நோய். சாவியைத் திருப்பினால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். வண்டி ஓடும்போதும் அணையாது. வண்டியைச் செய்தவன் அந்த விளக்கை எதற்கு வைத்தான் என்று, வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகத்தை உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பதுதான் நம்மவர்கள் வழக்கம்.

மகான் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்.

"அடுத்தவன் கண்ணு உங்க வண்டி மேல படறது ஒரு வகை. அதைச் சமாளிச்சுடலாம். இது அப்படியில்ல. வண்டியே உங்க மேல கண்ணு வெச்சிருக்கு."

கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. தவணை கட்டி வாங்கிய வண்டியே தன் மேல் கண் வைத்தால் மனிதன் எங்கே போவான்?

மகான் உடுத்தியது மெக்கானிக்குகள் போடும் முழு உடுப்புதான். ஆனால் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது. கறை படாமல் வேலை செய்கிறாரே என்று பக்தர்கள் வியந்தார்கள். வேலையே செய்யாவிட்டாலும் கறை படாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. உடுப்பின் கைகள் மட்டும் தொளதொளவென்று விரல் நுனிவரை தொங்கும். அருள் வழிவதற்கு இடம் வேண்டாமா?

வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். சாவியைப் பாதி திருப்புவார். வலக்கையை ஸ்டியரிங் மேல் வைப்பார். இடக்கையைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. "எல்லாரும் கண்ணை மூடுங்க! மூடாதவங்க வண்டி முழுசா குணமாகாது!" என்று சீடர் கூவுவார். கூட்டம் கண்ணை இறுக்கிக்கொள்ளும். "அடங்கு... அடங்கு... அடங்கு..." என்று மகான் முணுமுணுப்பார். பிறகு வண்டியை எழுப்புவார். விளக்கு அணைந்திருக்கும். உண்டியல் நிறையும்.

வரிசையில் நின்ற வண்டிகளுக்கு இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எல்லா வண்டிக்கும் அடியில் புதுக் குழாய் பளபளத்தது. எல்லாம் எதிர்ச் சாரியில் இருந்த சைலன்சர் கடையில் மாட்டியது. சாலையைக் கடந்தால் கடை, திரும்பிக் கடந்தால் மகான். இதையும் யாரும் கவனிக்கவில்லை.

நம் வேன்காரரும் கவனிக்கவில்லை.

அவர் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறவர். காலையில் தெருத் தெருவாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் இறக்குவார், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். அவர் மனைவிக்கும் மச்சினிக்கும் அங்கேதான் வேலை. இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்காருவார்கள். சொந்தக்காரர்களுக்கு நல்ல சீட்டைக் கொடுத்தால் மற்ற பெண்கள் பேசுவார்களாம்.

வேனின் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. சைலன்சர் கடைக்காரர் குனிந்து பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"கம்பெனிக் குழாய் எதுக்குங்க? யானை விலை. நம்மகிட்ட வெளிக் குழாய் இருக்கு. நடுவுல ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அதுதான் வண்டி மூச்சை அடைக்குது. அதை அறுத்துட்டு நேர்க் குழாயாப் போட்டுடலாம். சிங்கம் மாதிரி உறுமும்."

சத்தத்தை அடக்குவதற்கென்று கண்டுபிடித்த பொருளைச் சத்தம் போடுவதற்காக வாங்குகிறோமே என்று வேன்காரர் யோசிக்கவில்லை. சிங்கம் என்றதும் விழுந்துவிட்டார். அறுத்த பெட்டியை எடுத்து வேனில் போடப் போனார். கடைக்காரர் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார்.

"ஐயோ, தொடாதீங்க! இத்தனை வருஷம் வண்டி விட்ட பெருமூச்செல்லாம் இதுக்குள்ள அடைஞ்சு கிடக்கு. வீட்டுக்குக் கொண்டுபோனா குடும்பத்துக்கு ஆகாது. எதிர்ல மகான் இருக்காரு. அவர்கிட்ட ஒப்படைச்சா அமைதி பண்ணிடுவாரு."

வேன்காரர் பெட்டியை மகானிடம் ஒப்படைத்தார். அமைதிக்குக் காணிக்கையும் கொடுத்தார். சிங்கமாக உறுமிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு மூன்று நாளில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மகான் அணைத்தார். அந்த வாரக் கடைசியில் மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தார். மறுபடி எரிந்தது. மருந்து கேட்கவில்லையென்றால் மருத்துவரைச் சந்தேகிப்பது உலக வழக்கம். இங்கே மருத்துவர் நோயாளியைச் சந்தேகித்தார்.

"உங்க வண்டியில நம்பிக்கையில்லாத ஒரு ஆள் ஏறி இறங்குது" என்றார் மகான், கண்ணை மூடிக்கொண்டு. "ஒரு பெண். உங்களுக்கு ரொம்ப நெருக்கம்."

வேன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மனைவிதான். வேறு யார்? போன தடவை கூட்டத்தில் நின்றபோது, "எல்லாரும் கண்ணை மூடினா, அவர் அணைக்கறதை யாருங்க பாக்கறது?" என்று உரக்கக் கேட்டவள் அவள். சீடர் காதில் அது விழுந்திருந்தது. சீடர் காதில் விழுவதெல்லாம் மகானுக்கு ஞானக்கண்ணில் தெரியும்.

மனைவியின் வேலை அப்படி. தொழிற்சாலையில் அவள் செக்கர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் போட்டு, ஒவ்வொரு தையலையும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பவள். தைத்தவள் சொந்தத் தங்கையே ஆனாலும் இழுக்காமல் விடமாட்டாள். பத்து வருஷமாக அதைச் செய்துவந்ததில் வீட்டில் சொல்லும் பேச்சையும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. வேன்காரர் இதைத் தன் தலைவிதி என்று நினைத்திருந்தார்.

"ஏம்மா, கொஞ்ச நாளைக்கு நீ பஸ்ல போயேன்" என்றார் அன்று சாப்பிடும்போது.

"ஏன்?"

"உன் சந்தேகத்தாலதான் லைட் எரியுதாம்."

"என் சந்தேகம் பெட்ரோல்ல கலக்குதா?"

"கிண்டல் பண்ணாத. மகான் சொல்லிட்டாரு."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். சண்டை வரும் என்று வேன்காரர் எதிர்பார்த்தார்.

"சரி, நான் பஸ்ல போறேன். நான் இல்லாம லைட் எரியுதா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது வேன்காரருக்குத்தான் பயமாக இருந்தது.

மகான் தன்னை அறியாமலே ஒரு நல்ல சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மனைவி பஸ்ஸில் போன நாட்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. மஞ்சள் விளக்கு வழக்கம்போல் எரிந்தது. அவளுக்குச் சில வாரங்களாகத் தினமும் வந்துகொண்டிருந்த தலைவலி நின்றுவிட்டது.

"உனக்கும் தலைவலி இருக்கா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"இருக்குக்கா. தொழிற்சாலையில இறங்கும்போது குமட்டுது. பக்கத்துல உட்கார்ற பொண்ணுக்கும் அப்படித்தானாம். மழைன்னு ஜன்னலை மூடினா ரொம்ப மோசம்."

இதை அவள் கணவரிடம் சொன்னாள். தூக்கம் போதாமல் இருக்கும் என்றார் அவர். தன் வேனில் ஒரு குறை என்பது அவர் காதுக்குள் நுழைய மறுத்தது.

மறுநாள் காலை நல்ல மழை. வேனில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. தொழிற்சாலை வாசலில் பெண்கள் இறங்கினார்கள். கடைசி வரிசையிலிருந்து மச்சினி இறங்கவில்லை. தூங்குகிறாள் என்று பக்கத்துப் பெண் தோளைத் தட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

வேன்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். அவருக்குக் கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடப் பையோடு "மாமா, மாமா" என்று பின்னாலேயே திரிந்தவள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள்; சாயங்காலத்துக்குள் பேச ஆரம்பித்தாள். "அடைச்ச ரூம்ல ஏதாவது அடுப்பு எரிஞ்சுதா? புகை உள்ள போயிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா எழுந்திருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர். அடுப்பு இல்லை, வேன் என்றதும், "அப்ப வேனை முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டாக்டர் சொன்னதை வேன்காரர் முழுமனதோடு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தப் புகையை மகான் எப்படி விரட்டுவார் என்று யோசிக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு வொர்க்ஷாப் இருந்தது. மனைவி அவரை மறித்து வேனை அங்கே விடச் சொன்னாள்.

மெக்கானிக் வேனுக்கு அடியில் படுத்தார். கடைசி சீட்டுக்கு நேர் கீழே, புதுக் குழாயை ஒட்டவைத்த இடத்தில் துணியை வைத்து எடுத்தார். துணி கரியாக வந்தது.

"பற்றவெச்சது பிடிக்கலை. புகையெல்லாம் இந்த வழியாத்தான் மேல ஏறுது. நச்சுப் புகையைச் சுத்தம் பண்ற பெட்டியையும் காணோம். லைட் எரிஞ்சிருக்கணுமே?"

"எரிஞ்சுது. மகான் அணைச்சாரு" என்றார் வேன்காரர்.

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் இருந்த ஒரு சாக்கெட்டைக் காட்டினார். "வண்டி தனக்கு என்ன நோவுன்னு சொல்றது இது வழியாத்தான். இதுல ஒரு கருவியை மாட்டினா, கோளாறுக்கு உண்டான நம்பரைக் காட்டும். அதுலயே ஒரு பட்டனை அமுக்கினா நம்பர் அழிஞ்சு லைட் அணைஞ்சுடும். கோளாறு அப்படியே இருக்கும். ரெண்டு மூணு நாள் ஓட்டினா வண்டி மறுபடி கண்டுபிடிச்சு லைட்டைப் போடும். அந்தப் பெட்டி எங்கே? அதை மாட்டினாத்தான் சரியாகும். அதுக்குள்ள தங்கத்தோட போட்டி போடற உலோகம் பூசியிருக்கு, புதுசு வாங்கக் கட்டாது."

வேன்காரர் தன் சொத்தை அறுத்துக் கொடுத்து, அதை எடுத்துக்கொண்டதற்குக் கூலியும் கொடுத்திருந்தார். மனசு ஒப்பவில்லை.

"ஒட்டு விட்டுப் போச்சு, சரி. ஏன் விட்டுச்சு? அதுக்கும் மேல ஒரு காரணம் இருக்கும்ல?" என்றார் மனைவியிடம்.

"மேல இல்லீங்க, கீழதான் இருக்கு. இப்பத்தானே குனிஞ்சு பாத்தீங்க!" அவள் குரல் உடைந்தது. "என் தங்கச்சி செத்திருப்பா. இன்னமும் அந்த ஆளு மேல உங்களுக்கு நம்பிக்கை இருந்தா, வாங்க, அவர்கிட்டயே போகலாம். என் கண்ணெதிர அணைக்கட்டும்."

அடுத்த நாள் போனார்கள். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, முன் சீட்டில் அவள் உட்கார்ந்து வந்தாள். கொட்டகைக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ தேடினாள்.

"என்ன பண்ற?"

"ஊசி விழுந்துடுச்சு."

வரிசை நகர்ந்தது. அவர்கள் முறை வந்தது. மகான் ஏறி உட்கார்ந்தார், சாவியைப் பாதி திருப்பினார், வலக்கையை ஸ்டியரிங்கில் வைத்தார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க!"

கூட்டம் மூடியது. வேன்காரரும் பழக்கதோஷத்தில் மூடினார்.

"அடங்கு... அடங்கு... அடங்கு..."

வழக்கமாக இதோடு முடியும். முடியவில்லை. "அடங்கு, அடங்கு" என்று மகான் தொடர்ந்தார். இருக்கை கிறீச்சிட்டது. "அடங்கு... அடங்கு... அடங்கேன்..." மகானின் முழங்கால் எதிலோ இடித்தது. கண்ணை மூடி நின்றவர்களுக்குக் கால் வலித்தது. முன்வரிசையில் ஒரு முதியவர், இன்று அருள் அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "அடங்கித் தொலை!" என்றது மகானின் குரல்.

வேன்காரர் கண்ணைத் திறந்துவிட்டார்.

மகான் வேர்த்து விறுவிறுத்து வண்டியை எழுப்பினார். சிங்கம் உறுமியது. மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்தது.

"பெரிய சந்தேகம் ஒண்ணு இங்க உக்காந்திருக்கு!" என்று கத்தினார் மகான்.

"உக்காரலைங்க, நிக்குது. நான்தான்" என்றாள் வேன்காரர் மனைவி. "உங்க இடக்கையில என்னங்க?"

"அது... மந்திரப் பேழை."

அவள் கதவைத் திறந்து எஞ்சினை அணைத்தாள். சட்டைக் காலருக்குள் வைத்துத் தைக்கும் விறைப்புத் துணியை நாலாக மடித்துச் சாக்கெட்டுக்குள் திணித்து, மேலே டேப் ஒட்டியிருந்தாள். எல்லோரும் பார்க்க அதைப் பிய்த்து எடுத்தாள். தொளதொளத்த வெள்ளைக் கைக்குள்ளிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றை உருவினாள். சாவியைப் பாதி திருப்பிக் கருவியைச் செருகினாள். அதன் சின்னக் கண்ணாடியில் எழுத்து ஓடியது.

"நம்பர் வருதுங்க. பூஜ்யம், நாலு, ரெண்டு, பூஜ்யம்."

"நானூத்திருபதா? நல்ல பொருத்தமான நம்பராத்தான் இருக்கு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் பட்டனை அமுக்கிவிட்டு வண்டியை எழுப்பினாள். விளக்கு எரியவில்லை.

"யாரும் கண்ணை மூடலை. நானும் எதுவும் முணுமுணுக்கலை. எனக்குக் காணிக்கை வேண்டாம்."

பிறகு முன்வரிசை முதியவர் அவள் காலில் விழப் போனார். "தாயே, அருள் உங்ககிட்ட வந்துடுச்சு!" அவள் அவரைப் பிடித்து நிமிர்த்தி, பட்டனுக்கு மேல் 'அழி' என்று எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். படித்தார். படித்துவிட்டு, கருவிக்கும் அருள் தேவைதானே என்றார். சிலருக்குக் கண்ணாடியை மாற்றினாலும் பார்வை மாறாது.

மகான் சுதாரித்துக்கொண்டார். குரலில் நியாயம் வழிந்தது.

"லைட் அணையணும்னுதானே எல்லாரும் வந்தீங்க? அணைச்சேனா, இல்லையா? நான் யாரை ஏமாத்தினேன்?"

கூட்டம் யோசித்தது. அவர் கேட்பதும் சரிதானே என்று ஓரிரு தலைகள் ஆடின. அதைப் பார்த்ததும் வேன்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஆமாங்க, அணைச்சீங்க" என்றார். "உள்ள புகை வருது, பின்னாடி உக்காந்திருக்கறவங்க செத்துடுவாங்கன்னு என் வண்டி தினமும் கத்திச்சு. நீங்க அது வாயைப் பொத்தினீங்க. நான் அதுக்குக் காசு கொடுத்தேன். நேத்து என் மச்சினியைப் பொணம் மாதிரி தூக்கிட்டு ஓடினேன். எங்கய்யா என் பெட்டி?"

பெட்டிகள் கொட்டகைக்குப் பின்னால் அமைதி அறையில் அமைதி அடைந்துகொண்டிருப்பதாகச் சீடர் சொன்னார். உள்ளே யாரும் போகக்கூடாதாம். கூட்டம் உள்ளே போனது. அமைதி அறையில் ஒரே சத்தம். சைலன்சர் கடைக்காரர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பெட்டிகளைச் சுத்தியலால் உடைத்து, உள்ளேயிருந்த தேன்கூடு மாதிரியான பொருளைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி ஓயாமல் பாடிக்கொண்டிருந்ததால் வெளியே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"மச்சான், இன்னிக்குச் சரக்கு போதும், வாசலை மூடிடலாமா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

வாசலில் மச்சான் இல்லை. மச்சானின் பக்தர்கள் இருந்தார்கள்.

போலீஸ் ஜீப் வந்து மகானையும் கடைக்காரரையும் சீடரையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஜீப்பிலும் மஞ்சள் விளக்கு எரிந்ததாக, எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். உடையாமல் மிச்சமிருந்த பெட்டிகளில் வேன்காரருடையது இல்லை. கையிருப்பைத் துடைத்துப் புதுப் பெட்டி வாங்கி, ஒட்டை ஒழுங்காகப் பற்றவைத்து மாட்டினார். வேன் உறுமுவதை விட்டுவிட்டு மரியாதையாக ஓடியது. மச்சினி வேலைக்குத் திரும்பினாள். அவளை முன் சீட்டில் உட்காரவைத்தார். மற்ற பெண்கள் என்ன பேசினாலும் பேசட்டும் என்றிருந்தார்.

ஒருநாள் தொழிற்சாலை வாசலில் ஒரு கார்க்காரர் அவரைத் தேடி வந்தார். அன்று கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்தான். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"நம்ம வண்டியில லைட் மறுபடி எரியுதுங்க. உங்க வீட்டம்மா ஒரே ஒரு தடவை கை வெச்சா..."

"குழாய் மாத்தலையா?"

"நல்லா உறுமுதுங்க, அதான் விட்டுட்டேன்."

"பின் சீட்டுல யாரு உக்காருவா?"

"எங்க அம்மாதான்."

வேன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டியில லைட் ஒழுங்காத்தாங்க எரியுது. எரியாம கிடக்கறது உங்க மண்டையிலதான். அம்மாவை இறக்கி விட்டுட்டு, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க."